பதினோராயிரத்து முந்நூறு டன் தண்ணீர்

கட்டம் என்று எல்லாரும் கூப்பிட்ட அந்தப் பெண் முப்பத்தெட்டு வயதுக்குள் ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிட வேண்டும். பின்னால் வருவது அவ்வளவு நல்ல சேதி இல்லை. ஒன்பது வயதில், ஒருபக்கம் அச்சடித்த கழிவுத்தாளின் மறுபக்கத்தில் கணக்குப் போட்டுப் பழகியே மாவட்டப் பரீட்சையில் முதலாவதாக வந்தாள். பதினைந்தாவது வயதில் அப்பா வேலைபார்த்த காகித ஆலை மூடியது, பதினாறில் அப்பாவும் போனார். அப்படியும் பள்ளிக்கூடத்தை விடவில்லை. இடது கண்ணில் பாதிப் பார்வைதான் என்று டாக்டர் சொன்னபிறகு, வரிக்கு வரி ஸ்கேல் வைத்துப் படித்து எழுத்தர் தேர்வில் மூன்றாம் தடவை தேறினாள். பக்கத்து நாட்டு மொழியை வாத்தியார் இல்லாமல், கிழிந்த அட்டைப்பெட்டிகளின் மேல் இருந்த எழுத்துகளைக் கூட்டிக் கூட்டிக் கற்றுக்கொண்டாள். பன்னிரண்டு வருடம் தினக்கூலியாக இருந்த அலுவலகத்தில் நிரந்தர வேலை வாங்கினாள். அரசாங்கம் அச்சடித்த ஒரு புத்தகம் தப்பு என்று அரசாங்கத்தையே ஒப்புக்கொள்ள வைத்தாள். இத்தனைக்கும் சிபாரிசு என்று ஒரு துண்டுச்சீட்டு கிடையாது. இதில் ஒன்றும் மிகையில்லை. ஒவ்வொன்றுக்கும் உரிய தாளை அவளுடைய அக்கா தகரப்பெட்டியில் தேதிவாரியாக வைத்திருக்கிறாள்.

அக்கா ஆறு வயது மூத்தவள். எட்டாம் வகுப்போடு நின்று, பழைய பேப்பர் கிடங்கில் ரகம் பிரிக்கப் போனவள். வெள்ளைத்தாள், செய்தித்தாள், புத்தகம், பழுப்பு அட்டை என்று நான்கு குவியல். மெழுகு பூசியதும் பிளாஸ்டிக் ஒட்டியதும் கழிவிலும் கழிவு, அதற்குத் தனி மூலை. சாயங்காலம் கிளம்பும்போது, ஒருபக்கம் வெறுமையாக இருக்கிற நல்ல தாள்களாகப் பார்த்து ஐம்பது அறுபது எடுத்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்வாள். கிடங்கு முதலாளி பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பார். தங்கை படித்தது முழுக்க அந்தத் தாள்களில்தான். பிற்பாடு அலுவலகத்தில் சேர்ந்தும் அந்தப் பழக்கம் விடவில்லை. எதையும் கட்டம் போட்டு எழுதினால்தான் அவளுக்குத் தெளியும். வீட்டுப் பால் செலவும் கட்டம், அக்காவுக்கு எப்போதெல்லாம் தலைவலி வந்தது என்பதும் கட்டம். பேர் வைத்தவர் அக்காவின் கணவர்.

அவருக்கும் ஒரு பட்டப்பேர் உண்டு. தராசு. ஆற்றுப் பாலத்தின் இந்தப் பக்கச் சோதனைச் சாவடியில் லாரிகளை நிறுத்தி எடை மேடையில் ஏற்றி எடை எழுதுகிறவர். அவர் எழுதும் சீட்டு இல்லாமல் ஒரு லாரி பாலம் தாண்டாது. சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை, ஒரு பொதுக் குழாய், அதில் மூன்று பேர். பிள்ளை இல்லாத வீடு என்று யாராவது உச்சுக்கொட்டினால், “ஏன், கட்டம் போட்ட பிள்ளை ஒண்ணு இருக்கே” என்பார் தராசு. மனுஷர் வாயைத் திறந்தால் கேலிதான். ஆனால் எடை விஷயத்தில் மட்டும் கேலி கிடையாது. மேடையில் ஒரு நாய் படுத்திருந்தால் அதை எழுப்பிவிட்டுத்தான் லாரியை ஏற்றச் சொல்வார். ஒருமுறை ஓட்டுநர் ஒருவர், நாய் எவ்வளவு இருந்துவிடப்போகிறது என்று கேட்டதற்கு, பதினாறு கிலோ என்று பதில் வந்ததாம். முன்பே நிறுத்துப் பார்த்திருக்கிறார்.

அந்தப் பாலத்தில் நின்று பார்த்தாலே இரண்டு நாட்டுக் கதையும் தெரிந்துவிடும். அப்பா காலத்தில் இந்தப் பக்கத்து ஆலைகளிலிருந்து வெள்ளைத்தாள் உருளைகள் லாரி லாரியாக அந்தப் பக்கம் போகும், லாரிகள் வெறுமனே திரும்பும். பிறகு அவர்கள் ஆற்றங்கரையிலேயே பெரிய ஆலைகள் கட்டினார்கள். இங்கே மூங்கில் தீர்ந்தது, மின்சாரம் நின்று நின்று வந்தது, ஆலைகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டன. கடைசியில் இங்கிருந்து போவது பழைய பேப்பர் கட்டுகள் மட்டும். அங்கிருந்து வருவது நோட்டுப் புத்தகம், அட்டைப்பெட்டி, முகம் துடைக்கிற தாள். நம் எச்சிலை நாமே விலை கொடுத்து வாங்குகிறோம் என்பார் தராசு.

கட்டம் வேலைபார்த்தது தலைநகர் அலுவலகத்தின் கிளையாக அந்த நகரத்தில் இருந்த புள்ளிவிவர அலுவலகத்தில். இரண்டு நாட்டுக் காகித வணிகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிற அட்டவணை வருடா வருடம் அங்கே தயாராகும். நாம் இவ்வளவு அனுப்பினோம் என்று நம் புத்தகம் சொல்லும். அவர்களிடமிருந்து இவ்வளவு வந்தது என்று அவர்கள் புத்தகம் சொல்லும். முகமும் கண்ணாடியும் மாதிரி இரண்டும் ஒத்துப்போக வேண்டும். பக்கத்து நாட்டுப் புத்தகத்தைப் படிக்கத் தெரிந்தவள் அந்த அலுவலகத்தில் அவள் ஒருத்திதான். அதனால் வேலை அவளுடையது. கையெழுத்து சூப்பிரண்டுடையது. தினக்கூலி எழுத்தர் போட்ட அட்டவணையில் தினக்கூலியின் பெயர் வருவது வழக்கமில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை.

2017-இன் கடைசியில், முப்பது வருடத்தையும் சேர்த்து ஒரே அட்டவணையாகப் போடச் சொன்னார்கள். இரண்டு மாதம் அவள் வேறு எதையும் பேசவில்லை. 1988-இல் நாம் அனுப்பிய தாள் அறுபத்தோராயிரம் டன், அவர்கள் அனுப்பியது நாலாயிரம். 2002-இல் இரண்டும் சமம். 2017-இல் நாம் மூவாயிரம், அவர்கள் எண்பத்தெட்டாயிரம். சாப்பிட உட்கார்ந்தால் இதைத்தான் சொல்வாள். அப்பாவின் ஆலை மூடிய வருடம் எந்த வரியில் வருகிறது என்று அக்காவுக்கு விரலை வைத்துக் காட்டினாள். ஒரு மனிதனின் வேலை போனது ஒரு எண்ணின் கடைசிப் பூஜ்யத்தில்கூடத் தெரியவில்லை.

ஒத்துவராதது ஒன்றே ஒன்றுதான். பழைய பேப்பர். 2000 வரை இரண்டு புத்தகத்துக்கும் நூற்றுக்கு ஒன்றுதான் வித்தியாசம். 2001-இலிருந்து அது திடீரென்று பத்து, பன்னிரண்டு என்று ஏறி நின்றுவிட்டது. 2017-இல் நாம் அனுப்பியது தொண்ணூற்று நாலாயிரம் டன். அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது எண்பத்திரண்டாயிரத்து எழுநூறு. நடுவில் பதினோராயிரத்து முந்நூறு டன்னைக் காணோம். அவள் மூன்று தரம் கூட்டிப் பார்த்தாள், மாறவில்லை. அதைச் சிவப்பு மையில் தனிக் கட்டமாகப் போட்டு சூப்பிரண்டிடம் கொடுத்தாள். கெட்டிக்காரி என்று அவர் சொன்னதை வீட்டுக்கு வந்து இரண்டு தரம் சொன்னாள். பத்து வருடத்தில் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

புத்தகம் 2018 பிப்ரவரியில் அச்சாகி வந்தது. மார்ச்சில் பத்திரிகைகள் அந்தச் சிவப்புக் கட்டத்தைப் பிடித்துக்கொண்டன. பாலத்தில் மறைந்த பதினோராயிரம் டன் என்று கொட்டை எழுத்தில் போட்டார்கள். ஏற்றுமதிச் சலுகைக்காக எடையைக் கூட்டி எழுதியிருக்கிறார்கள், இல்லாத பேப்பருக்கு இருக்கிற மாதிரி சீட்டு கொடுத்திருக்கிறார்கள் என்று ஊர் பேசியது. எடைச் சீட்டு எழுதியது யார் என்று தேட வேண்டிய தேவையே இல்லை. தராசு எடை மேடையில் சேர்ந்தது 2001 ஏப்ரலில். ஆள் வந்த வருஷமும் ஓட்டை விழுந்த வருஷமும் ஒன்று. ஏப்ரலில் பணியிடை நீக்கம், ஜூன் பன்னிரண்டாம் தேதி காலை ஒன்பதேகாலுக்குக் கைது. பல் துலக்கிக்கொண்டிருந்தவர் வாய் கொப்பளித்துவிட்டு வருவதாகச் சொன்னார். அதற்குமட்டும் விட்டார்கள்.

அன்றைக்கு சாயங்காலம் கட்டம் வீட்டுக்கு வந்து சுவர் ஓரமாக நின்றுகொண்டே இருந்தாள். உட்காரடி என்று அக்கா சொன்னதற்கு உட்காரவில்லை. பத்திரிகையில் வந்த சிவப்புக் கட்டம் தான் போட்டது என்று சொன்னாள். அக்காவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபிறகு அடுப்படிக்குப் போனாள். உலையில் அரிசி போட்டுவிட்டு, மூன்று பேர் அளவு போட்டதை நினைத்து ஒரு கைப்பிடி திரும்ப அள்ளப்போனாள். அதற்குள் அரிசி நனைந்துவிட்டது.

சிறையில் பார்க்க மாதம் இரண்டு ஞாயிறு விடுவார்கள். முதல் ஞாயிறே கட்டம் அவரிடம் அதைச் சொல்லிவிட்டாள். கம்பிக்கு அந்தப் பக்கம் அவர் தாடையைச் சொறிந்தார்.

“நீ தப்பாப் போட்டியா?”

“இல்ல மாமா. மூணு தரம் பார்த்தேன்.”

“நானும் தப்பா எழுதல. என் தராசும் சரி, உன் கட்டமும் சரி. அப்ப நடுவுல எவனோ ஒருத்தன் இருக்கான். அவனைத் தேடு, வேற வேலை பார்க்காதே.”

அதற்குப் பிறகு அந்த விஷயத்தை அவர் எடுக்கவே இல்லை. தன்னோடு இருக்கிற திருடர்களைப் பற்றிச் சொல்லி சிரிக்கவைப்பார். தனக்கு உள்ளே நல்ல மரியாதை, பதினோராயிரம் டன் தூக்கியவன் என்று கேள்விப்பட்டு ஒரு வழிப்பறிக்காரன் எழுந்து நின்று இடம் கொடுத்தான் என்பார். ஆனால் குளிர்காலத்துக்குப் பிறகு சிரிப்பு பாதியில் இருமலாக மாற ஆரம்பித்தது.

கட்டம் தேடினாள். லாரிகளின் எண்களைத் தேடினாள், சுங்கப் பதிவேடுகளைத் தேடினாள், பாலத்தின் அந்தப் பக்கத்து எடை மேடையில் எழுதியதைக்கூட யார் யாரையோ பிடித்து வாங்கிப் பார்த்தாள். மேடைக்கு மேடை எடை ஒத்துப்போனது. அதுதான் அவளைக் குழப்பியது. பாலத்தில் ஒன்றும் தொலையவில்லை. பாலத்துக்கும் அவர்கள் புத்தகத்துக்கும் நடுவில் எங்கேயோ தொலைகிறது. இதை ஜாமீன் மனுவில் சேர்க்கச் சொன்னதற்கு, அந்தப் பக்கத்து மேடைச் சீட்டுக்கு இங்கே மதிப்பில்லை என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

பதின்மூன்றரை மாதம் இப்படிப் போயிற்று. 2019 ஜூலை இருபத்தேழாம் தேதி, சனிக்கிழமை. கிடங்குக்கு ஒரு லோடு திரும்பி வந்திருந்தது. பிளாஸ்டிக் கலந்திருக்கிறது என்று அந்தப் பக்கத்து ஆலை வேண்டாமென்று அனுப்பிய கட்டுகள். அக்கா பிரித்துக்கொண்டிருந்தபோது, ஒரு கட்டின் கம்பிக்கு அடியில் வழவழப்பான சீட்டு ஒன்று சொருகியிருந்தது. பின்பக்கம் வெள்ளை. எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். வீட்டில் தங்கை அதன் பின்பக்கத்தில் ஏதோ எழுதப்போனவள், திருப்பிப் பார்த்தாள். பிறகு ஸ்கேலை எடுத்து வைத்து வரிவரியாகப் படித்தாள்.

அந்தப் பக்கத்து ஆலையின் சீட்டு, அவர்கள் மொழி. அதில் இரண்டு எடை இருந்தது. வந்த எடை இருபத்தோராயிரத்து நானூறு கிலோ. உலர்ந்த எடை பதினெட்டாயிரத்து எண்ணூறு. அவள் பென்சிலால் வகுத்துப் பார்த்தாள். நூற்றுக்குப் பன்னிரண்டு.

“அக்கா, லாரி ஏத்துறதுக்கு முன்னாடி கட்டுக்குத் தண்ணி அடிப்பீங்களா?”

எந்தக் கிடங்கில்தான் அடிப்பதில்லை என்று அக்கா சாதாரணமாகக் கேட்டாள். ஊருக்கே தெரிந்த விஷயம். கூரை கிடையாது, மழை பாதி, குழாய் பாதி. எடைக்கு விற்கிற சரக்கு.

“நீ அடிச்சிருக்கியா?”

“வாரத்துக்கு ரெண்டு நாள் குழாய் என் முறை. ஏண்டி?”

தங்கை சீட்டை அவளிடம் நீட்டினாள். எண்களைப் படிக்க எட்டாம் வகுப்பு போதும். நனைந்த பேப்பரைத் தராசு நிறுத்தார். இருந்ததை இருந்தபடி எழுதினார். அந்தப் பக்கத்துக்காரன் ஒரு கைப்பிடி எடுத்து அடுப்பில் உலர்த்தி, தண்ணீரைக் கழித்துவிட்டு எழுதினான். நடுவில் இருந்தது எவனும் இல்லை. நடுவில் இருந்தது தண்ணீர். பதினோராயிரத்து முந்நூறு டன்னும் தண்ணீர். அதில் எத்தனை குடம் அக்கா பிடித்த குழாயிலிருந்து போனது என்பதற்கு மட்டும் எந்தப் புத்தகத்திலும் கணக்கில்லை. கணவர் கைதான வாரமும் அவள் முறை வந்தது, அவள் பிடித்தாள்.

திங்கட்கிழமை கட்டம் நூலகத்துக்குப் போய் பக்கத்து நாட்டுப் புத்தகத்தின் முழுப் பிரதியைக் கேட்டு வாங்கினாள். அவளுடைய அலுவலகத்தில் இருந்தது ஜெராக்ஸ். காகிதச் சிக்கனம் என்று ஒரு சுற்றறிக்கை வந்த நாளிலிருந்து அட்டவணைப் பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் எடுப்பார்கள், பின்னால் இருக்கிற விளக்கப் பக்கங்களை எடுப்பதில்லை. காகிதத்தைப் பற்றிய புத்தகத்தில் காகிதத்தை மிச்சம் பிடித்தார்கள். விளக்கம் இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தில் இருந்தது, மூன்றே வரி. 2001 ஜனவரி முதல் கழிவுத்தாளின் எடை, உலர்ந்த எடையாக மட்டுமே குறிக்கப்படும். தராசு வேலைக்குச் சேர்ந்ததற்கு மூன்று மாதம் முன்னால்.

சூப்பிரண்டிடம் எடுத்துக்கொண்டு போனாள். அவர் மூன்று வரியையும் அவள் வாயால் கேட்டார். அச்சில் வந்தது வந்ததுதான் என்றார். திருத்தம் போட்டால் தன் கையெழுத்துக்குக் கீழே இன்னொரு கையெழுத்து போடவேண்டும், ஓய்வுபெற எட்டு மாதம் இருக்கும்போது அந்த வேலையைச் செய்ய முடியாது என்றார். வேண்டுமானால் நீயே விசாரணை அதிகாரியிடம் போய் எழுதிக்கொடு, ஆனால் தினக்கூலி எழுதிக்கொடுக்கிற தாளுக்கு மதிப்பு கிடையாது, அது வெறும் பேப்பர், நிரந்தரம் ஆனவர்கள் எழுதினால்தான் அரசாங்க வாக்குமூலம் என்றார். அவளுடைய நிரந்தர உத்தரவு செப்டம்பர் முதல் வாரம் வருகிறது என்பதையும் அவரே ஞாபகப்படுத்தினார்.

அன்று வீட்டில் நடந்த பேச்சை அக்கா ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் வைத்திருக்கிறாள். தங்கை மறுநாளே போகிறேன் என்றாள். பேப்பர் மதிப்பில்லை என்றாலும் பரவாயில்லை, கொடுத்துவிட்டு வருகிறேன், நடப்பது நடக்கட்டும் என்றாள். அக்காதான் தடுத்தாள்.

“மதிப்பில்லாத பேப்பரைக் கொடுத்துட்டு வேலையும் போச்சுன்னா, அவரும் உள்ள, நீயும் தெருவுல. வீட்டு வாடகை யார் தருவா? ஆறு வாரம்தானேடி. பதின்மூணு மாசம் இருந்தவரு, ஆறு வாரம் இருக்க மாட்டாரா?”

கட்டம் அன்றைக்குச் சாப்பிடவில்லை. ஆனால் அக்கா சொல்லைத் தாண்டி அவள் நடந்தது கிடையாது. அவரிடம் சொல்ல வேண்டாம் என்றும் அக்காதான் சொன்னாள். சொன்னால் மனுஷர் சும்மா இருக்கமாட்டார், வக்கீலிடம் கத்துவார், விஷயம் முன்னாலேயே சூப்பிரண்டு காதுக்குப் போய் உத்தரவு நின்றுவிடும் என்பது அவள் கணக்கு.

ஆகஸ்ட்டில் இரண்டு ஞாயிறும் போனார்கள். இரண்டாவது ஞாயிறு தராசு கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். சட்டை தோளிலிருந்து தொங்கியது. எவ்வளவு இளைத்திருக்கிறோம் என்று உள்ளே எடைபார்க்க ஒன்றும் இல்லை, இருந்தால் சரியாகச் சொல்லிவிடுவேன் என்றார். நடுவில் இருக்கிறவனைக் கண்டுபிடித்தாயா என்று தங்கையைக் கேட்டார். அவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா தரையைப் பார்த்தாள். தேடிக்கொண்டிருக்கிறேன் மாமா என்றாள் அவள். தேடு தேடு என்றார் அவர். நேரம் முடிந்துவிட்டது என்று காவலர் வந்தார்.

செப்டம்பர் ஆறாம் தேதி வெள்ளிக்கிழமை நிரந்தர உத்தரவு கைக்கு வந்தது. சனி, ஞாயிறு அலுவலகம் விடுமுறை. திங்கட்கிழமை போவது என்று முடிவாயிற்று. கட்டம் வாக்குமூலத்தை நாலு பக்கம் எழுதி, இரண்டு நாட்டு எடையையும் வருடவாரியாகக் கட்டம் போட்டு, இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தின் ஜெராக்ஸையும் சீட்டையும் பின்னால் இணைத்து வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை எட்டாம் தேதி மதியம் சிறையிலிருந்து ஆள் வந்தது. நிமோனியா என்று இறப்புச் சான்றிதழில் எழுதியிருந்தார்கள். சீட்டு கிடைத்த நாளிலிருந்து எண்ணினால் நாற்பத்து மூன்று நாள். எண்ணினது அக்கா.

எட்டு நாள் வீட்டில் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. வந்தவர்கள் போனவர்கள் எல்லாரும் விதி என்றார்கள். கிடங்கு முதலாளி வந்து ஒரு வாரச் சம்பளத்தை உறையில் வைத்துக் கொடுத்துவிட்டு, எல்லாம் நேரம்மா என்றார். அக்கா அவரை அண்ணாந்து பார்த்தாள். கட்டுக்குத் தண்ணீர் அடிக்கச் சொன்னவர் அவர். அடித்தவள் இவள். இதில் நேரம் எங்கே வந்தது?

பதினாறாம் தேதி இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது தங்கை, நாளைக்குப் போகிறேன் என்று மட்டும் சொன்னாள். யாருக்காகப் போகிறாய், போனவர் போயாயிற்று, இனிமேல் போனால் உன் வேலைதான் போகும் என்று அக்கா சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஒருமுறை அப்படிப் புத்தி சொன்ன நாக்கு அது, அதனால் அதைக் கடித்துக்கொண்டாள். நானும் வருகிறேன் என்றாள்.

அந்த வாக்குமூலத் தாளால் என்ன நடந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். ஐந்து மாதம் கழித்து, குற்றச்சாட்டு திரும்பப்பெறப்பட்டது என்றும், தாங்கள் உடனே பணியில் சேரலாம் என்றும் தராசின் பெயருக்கே ஒரு பதிவுத் தபால் வந்தது. பெறுபவர் கையெழுத்து போட வேண்டிய இடத்தைத் தபால்காரர் காட்டினார், அக்கா போட்டாள். புத்தகத்துக்கு ஒரு பக்கத் திருத்தம் அச்சடித்து எல்லா அலுவலகங்களுக்கும் அனுப்பினார்கள். தவறான அட்டவணை தயாரித்ததற்காக அதைத் தயாரித்த எழுத்தரை வேலையிலிருந்து நீக்கினார்கள். சூப்பிரண்டு குறித்த தேதியில் மாலையோடு ஓய்வுபெற்றார். நம்ம கட்டத்தையே கட்டம் கட்டிட்டாங்க என்று அலுவலகத்தில் யாரோ சொல்ல, சிலர் சிரித்தார்களாம். அதை அக்காவிடம் வந்து சொன்னவளும் கட்டம்தான். சொல்லிவிட்டு அவளும் லேசாகச் சிரித்தாள். இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறாள். பிள்ளைகளிடம் முதல் நாளே ஒன்று சொல்லிவிடுவாளாம், இரண்டு எண்ணைப் பக்கத்தில் வைப்பதற்கு முன்னால் இரண்டும் எதை எண்ணியது என்று கேள் என்று. அக்கா கிடங்குக்கு அப்புறம் போகவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்குகிறாள்.

அந்தப் பதினேழாம் தேதி விசாரணை அலுவலகத்துக்கு இருவரும் பத்து மணிக்கே போய்விட்டார்கள். கூப்பிட்டபோது பதினொன்றே முக்கால். மேசை, மேலே கனமான கண்ணாடி, அதற்கு அடியில் பழைய நாட்காட்டிப் படம். விசாரணை அதிகாரி நடுவயதுப் பெண். நாலு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டார். வந்த எடை, உலர்ந்த எடை என்று தன் வாயாலேயே சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு சீட்டை எடுத்து அதில் இருந்த தேதியைப் பார்த்தார்.

“இது கையில கிடைச்சது ஜூலையில. ஏன் இப்பத்தான் வர்றீங்க?”

தினக்கூலியாக இருந்தால் வாக்குமூலத்துக்கு மதிப்பில்லை என்று சொன்னார்கள் என்று கட்டம் சொன்னாள்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். அப்படி எந்த விதியும் கிடையாது என்றார். ரோட்டில் போகிறவர் எழுதிக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும், இந்த ஒரு பக்கத்தை மட்டும் ஜூலையில் கொண்டுவந்திருந்தால் அந்த வாரமே ஜாமீன் ஆகியிருக்கும் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. இருமல் மருந்தின் பேரைச் சொல்வதுபோலச் சொன்னார். அக்கா உட்கார்ந்திருந்த நாற்காலியின் கைப்பிடியில் ரெக்சின் கிழிந்திருந்தது. அவள் அதற்குள் விரலைவிட்டு உள்ளே இருந்த பஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

“தாமதத்துக்குக் காரணம் எழுதணும். யார் காத்திருக்கச் சொன்னாங்க?”

அக்கா வாயைத் திறந்தாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் திறந்தாள். நான்தான் அம்மா, அவள் அன்றைக்கே வருகிறேன் என்றாள், நான்தான் வாடகையைக் கணக்குப் போட்டேன் என்று சொல்ல எல்லாம் தொண்டைக்கு வந்துவிட்டது. மேசைக்கு அடியில் தங்கையின் செருப்புக் கால் வந்து அவள் கால்மேல் ஏறி நின்றது. சின்ன வயதில் வாத்தியார் முன்னால் அக்கா அவளுக்குச் செய்வதுதான் அது, வாயை மூடு என்று அர்த்தம்.

“யாரும் சொல்லல. நானா எடுத்த முடிவு.”

அதிகாரி அக்காவைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். அப்படியே எழுதிவிடுங்கள் என்றார். கட்டம் நாலாம் பக்கத்தின் அடியில் அதை எழுதினாள். மேலே உள்ள அட்டவணையைத் தயாரித்தவள் நான், பழைய அட்டவணையைத் தயாரித்தவளும் நான், பழையது தவறு, தாமதமும் என்னுடையது. காலை எடுக்கவே இல்லை. எழுதி முடித்துப் பேனாவைச் சற்று நேரம் அப்படியே பிடித்திருந்தாள். வங்கியிலும் பரீட்சைத்தாளிலும் அவள் கையெழுத்துப் போட்டதுண்டு. தான் செய்த வேலைக்குக் கீழே போட்டதில்லை. எங்கே போடுவது என்று கேட்டாள். அதிகாரி விரலை வைத்துக் காட்டினார். ஸ்கேல் கொண்டுவரவில்லை, அதனால் இடது கையின் சுண்டுவிரலைக் கோட்டுக்கு அணையாக வைத்துக்கொண்டு, அப்பா வைத்த முழுப்பெயரையும் எழுத்துக்கு எழுத்து விடாமல் போட்டாள். அடியில் தேதியையும் அவளே எழுதினாள். 2019 செப்டம்பர் 17, செவ்வாய்க்கிழமை.